நைனாவோட லிஃப்டும் நியூயார்க்ல ஒரு 57 மாடி கட்டடமும்

எங்க நைனா முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினாரு. இப்ப இருக்குற பசங்க கிட்ட இதை சொன்னா பஸ்ஸு ஓட்டுற மாதிரியாண்ணான்னு கேக்குறாங்க, கிட்டத்தட்ட அப்படித்தான், அப்ப பட்டன்லாம் கிடையாது, பித்தளைல ஒரு ஹேண்டில் இருக்கும், இந்தப் பக்கம் தள்ளினா மேல போகும், அந்தப் பக்கம் தள்ளினா கீழ எறங்கும், நடுவுல கொண்டாந்தா நிக்கும். எந்த மாடில நிக்கணுமோ அந்த மாடித் தரைக்கு சமமா கொண்டாந்து நிறுத்துறது முழுக்க அவர் கைல இருந்துச்சு. ஒரு அங்குலம் மேல நின்னாலும் ஃபைல் தூக்கிட்டு வர்ற ஆளுக்கு கால் தடுக்கும்னு சொல்லுவாரு. காக்கி சட்டை, மர ஸ்டூலு, இழுத்து மூடுற இரும்பு கேட்டு, அந்த கேட்டு மடங்குற சத்தம் இன்னிக்கும் என் காதுல இருக்கு.

மெட்ராஸ்ல செகண்ட் லைன் பீச்னு ஒரு தெரு, அங்க ஒரு பழைய ஆபீஸ் கட்டடம் அது, நாலு மாடி. ஸ்கூல் லீவு விட்டா ராயபுரத்துலேர்ந்து நைனாவோட சைக்கிள் கேரியர்ல உக்காந்து நானும் போயிடுவேன், மத்தியானம் சாப்பாடு கேரியர் தொறக்குற வரைக்கும் லிஃப்ட்டுக்குள்ளயே மேலயும் கீழயும் போயிட்டு வருவேன். எனக்கு எட்டு வயசு இருக்கும், ஒரு நாள் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல டக்குனு ஒரு குலுக்கு குலுக்கி லிஃப்ட் நின்னுபோச்சு, லைட்டும் போச்சு, உள்ள நாங்க ரெண்டு பேரும் ஒரு டைப்பிஸ்ட் அக்காவும். நான் அழ ஆரம்பிச்சிட்டேன். நைனா என் தோளைப் புடிச்சிக்கிட்டு, "இன்னாத்துக்குடா அழுவுற, ரோப்பு அறுந்தா கூட இது கீழ போவாதுடா, ரெண்டு பக்கமும் ரெயிலு கீது பாரு, வேகமா எறங்குச்சுன்னா அடில இருக்குற பல்லு ரெயிலை கவ்விக்கும், அப்பால இன்னா பண்ணாலும் நகராது"ன்னாரு. இருட்டுல நின்னுக்கிட்டு அந்தப் பல்லு எப்படி இருக்கும்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். கட்டடம்னா எனக்கு பைத்தியம் புடிச்சது அன்னிக்குத்தான்.

அந்தப் பல்லைக் கண்டுபுடிச்ச ஆளு பேரு எலிஷா ஓட்டிஸ்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் படிச்சேன். 1854ல நியூயார்க்ல ஒரு பெரிய கண்காட்சி, அதுல இவரு ஒரு பலகை மேல ஏறி நின்னுக்கிட்டு உசரத்துக்கு தூக்க சொல்லி, எல்லா ஜனமும் பாக்க கயித்தை அறுக்க சொல்லியிருக்காரு. பலகை லேசா எறங்கி அப்படியே நின்னுடுச்சு. 1857ல நியூயார்க் பிராட்வேல ஒரு கடைல ஆள் ஏறுற லிஃப்ட் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எந்த கட்டடத்துலயும் மேல் மாடிக்கு வாடகை கம்மி, யாரு அவ்ளோ படி ஏறுவா, லிஃப்ட் வந்த அப்புறம் அது தலைகீழா மாறிப்போச்சு, காத்து வெளிச்சம் இருக்குற உச்சி மாடிதான் முதலாளி ரூமு. வானத்தை முட்டுற ஆபீஸ் கட்டடம்லாம் இரும்பால வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, சரிதான், ஆனா என்னைக் கேட்டா லிஃப்டுக்குத்தான் முதல் இடம், ஆளை மேல கொண்டு போக வழியில்லன்னா இரும்பை அவ்ளோ உசரத்துக்கு நிறுத்தி யாருக்கு என்ன பிரயோஜனம்.

நான் படிச்சு முடிச்சு கப்பலுக்கு போனேன், ஃபிட்டர் வேலை. ராயபுரம் காசிமேடு பக்கம் பாதி வீட்டுல ஒரு ஆளு கப்பல்ல இருப்பான். 2008ல எங்க கப்பல் நியூயார்க் பக்கத்துல நெவார்க் போர்ட்ல ரெண்டு நாள் நின்னுச்சு, அரை நாள் ஷோர் லீவு கெடச்சுது, கூட வந்த பசங்க எல்லாரும் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு போனாங்க, நான் நெவார்க்லேர்ந்து ட்ரெயின் புடிச்சு ஆத்துக்கு அடில போய் வேர்ல்ட் ட்ரேட் சென்டர் ஸ்டேஷன்ல எறங்கி, வழி கேட்டு கேட்டு நடந்து, சிட்டி ஹால் பார்க்குக்கு எதிர்ல போய் நின்னேன். நம்பர் 233, பிராட்வே. வுல்வொர்த் பில்டிங். கழுத்தை எவ்ளோ பின்னாடி சாய்ச்சாலும் மேல் முனை கண்ணுக்கு சரியா மாட்டல, பார்க்குக்குள்ள தள்ளிப் போய் ஒரு பெஞ்சுல உக்காந்து பாத்தேன். ரெண்டு மணி நேரம் அங்கேயே இருந்துட்டேன். கையில வாங்கிட்டு போன பன்னு அப்படியே இருந்துச்சு.

எல்லாரும் எம்பயர் ஸ்டேட் பாக்கத்தான் போவாங்க. எனக்கு இதுதான் வேணும்னு தோணினதுக்கு காரணம் அதைக் கட்டின காசு. ஃப்ராங்க் வுல்வொர்த்னு ஒரு ஆளு, கிராமத்துல விவசாயி வீட்டுப் பையன், கடைல எடுபிடியா வேலைக்கு சேந்தவரு. அவரு வேலை பாத்த கடைல 1878ல விக்காம தேங்கின சாமானை எல்லாம் ஒரு மேசைல பரப்பி எதை எடுத்தாலும் அஞ்சு சென்ட்னு போட்டாங்க, எல்லாம் ஓடிப்போச்சு. அதையே புடிச்சிக்கிட்டு 1879ல யூட்டிகான்னு ஒரு ஊர்ல தனியா கடை போட்டாரு, அது படுத்துருச்சு, அதே வருஷம் லேன்காஸ்டர்னு இன்னொரு ஊர்ல போட்டாரு, அங்க பத்திக்கிச்சு. அஞ்சு சென்ட், பத்து சென்ட், அவ்ளோதான் விலை. அந்தக் காலத்துல சாமான்லாம் கல்லாவுக்கு பின்னாடி இருக்கும், கேட்டாத்தான் எடுத்துக் காட்டுவாங்க, இவரு எல்லாத்தையும் முன்னாடி பரப்பி ஜனங்க கையால எடுத்துப் பாக்கட்டும்னு விட்டாரு. நம்ம மெட்ராஸ் பாரீஸ் கார்னர்ல பிளாட்பாரத்துல தார்பாய் விரிச்சு "எது எடுத்தாலும் பத்து ரூபா, எது எடுத்தாலும் பத்து ரூபா"ன்னு கத்துறாங்களே, அதே வியாபாரம். சோப்பு டப்பா, சீப்பு, வடிகட்டி, பசங்க பொம்மை. எங்க அம்மா பத்து பைசா பத்து பைசாவா எண்ணிக் குடுத்து ஹேர்பின்னு வாங்கினது இந்த மாதிரி விரிப்புலதான். அந்தக் காசுல உலகத்துலயே உசரமான கட்டடம் எழும்புச்சுன்னு படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. செலவு 1 கோடியே 35 லட்சம் டாலர், கடன் வாங்காம சொந்தக் காசுல கட்டினாருன்னு சொல்லுவாங்க.

ஆர்க்கிடெக்ட் பேரு காஸ் கில்பர்ட், பின்னாடி அமெரிக்காவோட சுப்ரீம் கோர்ட் கட்டடத்தை டிசைன் பண்ணினவரும் இவருதான். இஞ்சினியர் கன்வால்ட் அவுஸ், நார்வேல பொறந்தவரு. ஆரம்பத்துல இருபது மாடி சொச்சம்னுதான் பேச்சு இருந்துச்சு. 1908ல சிங்கர் தையல் மெஷின் கம்பெனி 612 அடில ஒண்ணு கட்டியிருந்தாங்க, 1909ல மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸ் 700 அடில கட்டிட்டாங்க, வுல்வொர்த் விடல, ஏத்திக்கிட்டே போய் 792 அடில நிறுத்தினாரு. 1910ல அஸ்திவார வேலை ஆரம்பம், 1912ல இரும்பு உச்சிய தொட்டுருச்சு, 1913 ஏப்ரல் 24 சாயந்தரம் திறப்பு விழா, அன்னிக்கு ஜனாதிபதி வுட்ரோ வில்சன் வாஷிங்டன்ல உக்காந்துக்கிட்டு ஒரு பட்டனை அமுக்க இங்க நியூயார்க்ல 80,000 பல்பு எரிஞ்சுதாம். 1930 வரைக்கும் உலகத்துலயே உசரமான கட்டடம் இதுதான்.

அதே 1913ல நம்ம ஊர்ல எது உசரம்னு யோசிச்சா ஹைகோர்ட்டு கோபுரம்தான். 1892ல கட்டி முடிச்ச கட்டடம், 1894லேர்ந்து அந்த கோபுர உச்சில லைட் ஹவுஸ் விளக்கு எரிஞ்சுது, 1977ல மெரினாவுக்கு மாத்துற வரைக்கும் கப்பக்காரங்க அதைப் பாத்துதான் மெட்ராசுக்கு வந்தாங்க. வுல்வொர்த் திறந்து ஒன்றரை வருஷத்துக்குள்ள 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்து குண்டு போட்டுது, ஆர்பர் பக்கம் இருந்த எண்ணெய் டாங்கு பத்தி எரிஞ்சுது, ஹைகோர்ட்டு சுவருல விழுந்த இடத்துல இன்னிக்கும் கல்வெட்டு இருக்கு. எமகாதகனா ஒருத்தன் இருந்தா "அவன் எம்டன்டா"ன்னு நாம சொல்றது அன்னிலேர்ந்து வந்ததுதான்.

அஸ்திவாரத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இது. அந்த இடத்துல மேல மண்ணும் மணலும் தண்ணியும், பாறை 100 அடிக்கு மேல ஆழத்துல இருக்கு. அங்க வரைக்கும் தூண் எறக்கணும். எப்படி எறக்கினாங்கன்னு விளக்குறதுக்கு நம்ம பக்கத்து ஜனங்களுக்கு ஒரு உதாரணம் போதும், உறை கிணறு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைல பழைய வீடு எதுல பாத்தாலும் பின்னாடி உறை கிணறு இருக்கும். ஒரு உறையை தரைல வெப்பாங்க, கிணத்துக்காரரு உள்ள எறங்கி உக்காந்து அடி மண்ணை அள்ளுவாரு, மண்ணு போகப் போக உறை அதோட வெயிட்லயே கீழ எறங்கும், மேல இன்னொரு உறை, இப்படியே. பத்து பன்னெண்டு அடில நமக்கு தண்ணி வந்துடும், அவ்ளோதான் வேணும், நிறுத்திடுவோம். அங்க தண்ணி வந்த அப்புறமும் இன்னும் தொண்ணூறு அடி போகணும்! அதுக்கு என்ன பண்ணாங்கன்னா, அந்த பெரிய உறைக்கு, கெய்சன்னு பேரு, அடில வேலை பாக்குற அறைக்கு மேல மூடி போட்டு உள்ள காத்தை அழுத்தி அடைச்சாங்க. டம்ளரை கவுத்து தண்ணிக்குள்ள அமுக்கினா உள்ள தண்ணி ஏறாம காத்து நிக்குமே, அதே கணக்கு. அந்த காத்தழுத்தத்துக்குள்ள ஆளு உக்காந்து மண்ணு அள்ளணும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடணும். வெளிய வரும்போது அவசரப்பட்டு வந்தா ரத்தத்துல கரைஞ்ச காத்து குமிழா மாறி மூட்டு மூட்டா வலிக்கும், ஆளே செத்துடுவான், டைவிங் போறவங்களுக்கு வர்ற அதே வியாதி. கப்பல்ல அண்டர்வாட்டர் வேலைக்கு வர்ற டைவருங்க மெதுவா நின்னு நின்னு ஏறுறதை நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அதனால இதைப் படிக்கும்போது அந்த ஆளுங்க மொகம் தெரியலன்னாலும் மூச்சு எனக்கு தெரிஞ்சுது. இப்படி 69 கெய்சன் எறக்கி, பாறைய தொட்ட அப்புறம் உள்ள காங்கிரீட் ரொப்பினாங்க. நான் பார்க்குல உக்காந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ல கண்ணுக்கு தெரியாம இவ்ளோ கீழ போயிருக்கு.

அதுக்கு மேல சுமார் 24,000 டன் இரும்பு. சுவர் எதையும் தாங்கல, எல்லா பாரத்தையும் இரும்பு எலும்புக்கூடுதான் தாங்குது, 1885ல சிகாகோல பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்துல ஆரம்பிச்ச வித்தை அது. பாரம் கூட பெரிய விஷயம் இல்ல, காத்துதான். அவ்ளோ உசரத்துல பக்கவாட்டுல காத்து தள்ளும், மரக்கட்டில் பழசானா காலு ஆடுமே, எங்க ஆடும், காலும் சட்டமும் சேர்ற மூலைல ஆடும், தச்சர் வந்து அந்த மூலைல ஒரு முட்டு அடிச்சா நின்னுடும். அவுஸ் பண்ணினது அதைத்தான், தூணும் உத்தரமும் சேர்ற இடத்துலல்லாம் பாலத்துல வர்ற மாதிரி இரும்பை வளைவா அகலப்படுத்தி இறுக்கிட்டாரு, போர்டல் பிரேசிங்னு பேரு. ஜன்னல், கதவு எதையும் மறைக்காது, ஆபீஸ் ரூமுக்கு நடுவுல குறுக்குக் கம்பி வராது. கட்டடம் நூறு வருஷத்துக்கு மேல நிக்குது.

வெளிச்சத்துக்கு அவங்க பண்ணினதும் நம்ம வீட்டு புத்திதான். அப்ப டியூப்லைட் கிடையாது, ஏசி கிடையாது, ஜன்னல் இல்லாத ரூமை எவனும் வாடகைக்கு எடுக்க மாட்டான். அதனால கட்டடத்தோட கீழ்ப்பகுதியை யு மாதிரி வளைச்சு நடுவுல பெரிய வெட்டவெளி விட்டுட்டாங்க, எல்லா ஆபீசுக்கும் ஜன்னல் வந்துருச்சு. மண்ணடி, சவுகார்பேட்டை பழைய வீட்டுல நடு முற்றம் விடுறது எதுக்கு, அதே காரணம்தான். முன்பக்கம் பிராட்வேயைப் பாத்து அந்த கோபுரம் மட்டும் தனியா மேல ஏறி போகுது.

அது ஏறிப் போற அழகு இருக்கே. கீழேர்ந்து மேல வரைக்கும் கோடு கோடா தூண் மாதிரி ஓடுது, எங்கயும் குறுக்க வெட்டாம, கண்ணு கீழ வெச்சா தானா மேல போயிடுது. உச்சில கூரான வளைவு, சின்ன சின்ன கோபுரம், பச்சை கலர் கூம்பு. ராயபுரத்துல ராயப்பர் கோயில் இருக்கே, மீனவ ஜனங்க கோயிலு, அதுல ஜன்னல் எல்லாம் மேல கூரா சேரும், கோத்திக் ஸ்டைல். சின்ன வயசுலேர்ந்து அந்த வளைவைப் பாத்து வளந்தவன் நான், அங்க போய் ஒரு ஆபீஸ் கட்டடத்து உச்சில அதே வளைவைப் பாத்தப்ப தூரத்து ஊர்ல சொந்தக்காரனைப் பாத்த மாதிரி இருந்துச்சு. கேட்மன்னு ஒரு பாதிரியாரு இதுக்கு வியாபாரத்தோட தேவாலயம்னு பேரு வெச்சாரு, அந்தப் பேரே நின்னுபோச்சு.

வெளிய பாக்கும்போது அது கல்லுன்னு நெனைப்போம். கீழ் நாலு மாடிக்கு அப்புறம் எல்லாம் சுட்ட மண்ணு, டெரகோட்டா, நம்ம வீட்டு ஓடு மாதிரி, மேல கிளேஸ் பூசினது. வெண்ணெய் நெறத்துல இருக்கும், ஆழமான இடத்துல மட்டும் நீலம், பச்சை, மஞ்சள் லேசா கலந்து விட்டிருக்காங்க, அப்பதான் தூரத்துலேர்ந்து பாக்கும்போதும் நெளிவு தெரியும்னு. இரும்பு தீயில வளைஞ்சிடும், சுட்ட மண்ணு ஏற்கனவே சூளைல வெந்தது, தீ ஒண்ணும் பண்ணாது, அதனாலயும் அதைப் போத்தினாங்க. ஒவ்வொரு துண்டையும் இரும்பு கொக்கி போட்டு மாட்டியிருக்காங்க. பிரச்சனை அங்கதான் வந்துச்சு.

இதை எழுதும்போது எங்க வீட்டு சமையக்கட்டு சீலிங்கைப் பாத்துக்கிட்டேதான் எழுதுறேன். கடல்லேர்ந்து நாலு தெரு தள்ளி இருக்கோம், உப்புக் காத்து. காங்கிரீட்ல முதல்ல முடி மாதிரி ஒரு விரிசல் வரும், அப்புறம் பழுப்பு கலர்ல ஒரு கோடு எறங்கும், அப்புறம் தட்டினா டொக்கு டொக்குனு சத்தம் வரும், ஒரு நாள் விடியக்காலைல பட்டாசு மாதிரி ஒரு சத்தம், எழுந்து போய் பாத்தா அடுப்பு மேல கையகல காங்கிரீட் துண்டு கெடக்குது, மேல கம்பி பல்லு இளிக்குது. நான் கப்பல்ல இருபது வருஷம் சிப்பிங் சுத்தி புடிச்சவன், துரு எனக்கு கூடப் பொறந்தது மாதிரி. இரும்பு துரு புடிச்சா அது இருந்த இடம் பத்தாது, பல மடங்கு உப்பிடும், உப்புற வேகத்துல மேல இருக்குறது கல்லா இருந்தாலும் மண்ணா இருந்தாலும் உடைச்சுத் தள்ளிடும். வுல்வொர்த்துக்கும் அதேதான் நடந்துச்சு, இடுக்கு வழியா மழைத்தண்ணி எறங்கி உள்ள கொக்கி துருப்புடிச்சு உப்பி டெரகோட்டா விரிஞ்சுது. 1977லேர்ந்து 1981 வரைக்கும் ரிப்பேர், ஆயிரக்கணக்கான துண்டைக் கழட்டிட்டு அதே மாதிரி காங்கிரீட்ல வார்த்து மாட்டினாங்க, உச்சில இருந்த அலங்காரத்துல சிலது போயே போச்சு. பழைய போட்டோவையும் புது போட்டோவையும் பக்கத்துல வெச்சு பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். ஆனா நிக்குதே. 612 அடி சிங்கர் கட்டடத்தை 1968ல இடிச்சே போட்டுட்டாங்க, அதை நெனச்சா இது எவ்ளோ பெரிய பாக்கியம்.

லாபியை, அதான் கீழ நுழைவு கூடத்தை, நான் நேர்ல பாக்கல, போட்டோவுலதான். கிரேக்க தீவு ஸ்கைரோஸ்லேர்ந்து கொண்டாந்த பளிங்கு, மேல கூரை வளைவு முழுக்க மொசைக். அந்த வளைவுக்கு அடில தாங்கு கல்லு மாதிரி சின்ன சின்ன பொம்மை வெச்சிருக்காங்க, அதுல ஒண்ணு வுல்வொர்த், குனிஞ்சு உக்காந்து காசு எண்ணுறாரு, அஞ்சு சென்ட் பத்து சென்ட். இன்னொண்ணு கில்பர்ட், மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு கட்டடத்தோட மாடலை கொழந்தை மாதிரி கையில ஏந்தி புடிச்சிருக்காரு. அவுஸ் இரும்பு உத்தரத்தை அளக்குறாரு. நம்ம கோயில்ல தூணுல திருப்பணி பண்ணின ராஜாவும் ராணியும் கைய கூப்பி நிப்பாங்களே, அந்த மாதிரி கட்டினவங்களையே கட்டடத்துக்குள்ள உக்கார வெச்சது எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு. வுல்வொர்த்தோட சொந்த ஆபீஸ் 24வது மாடில, நெப்போலியன் மேல அவருக்கு ஒரு வெறி, ரூமு பூரா அந்த காலத்து அலங்காரம். திறந்து ஆறே வருஷத்துல 1919ல போய் சேந்துட்டாரு. கம்பெனி 1998ல கட்டடத்தை வித்துச்சு, அதுக்கு முந்தின வருஷமே அமெரிக்கால அந்த அஞ்சு பத்து கடைங்களை மூடிட்டாங்க. மேல் மாடிங்க பின்னாடி கோடீஸ்வரங்க வீடா மாறிடுச்சு.

இங்க நம்ம பாரீஸ் கார்னர்ல பாரி கம்பெனி கட்டடம் டேர் ஹவுஸையும் சொல்லாம விட மனசு வரல. 1788ல மெட்ராசுக்கு வந்த தாமஸ் பாரி 1803ல அந்த மூலை இடத்தை வாங்கினாரு, அப்ப கடல் அந்த வாசலுக்கு எதிர்லயே இருந்துச்சு, ஃபர்ஸ்ட் லைன் பீச்னு பேரு சும்மா வரல, ஆர்பர் கட்டின அப்புறம்தான் கடல் தள்ளிப் போச்சு. பாரியோட பார்ட்னர் டேர் பேருலதான் இப்ப இருக்குற கட்டடம், 1940 வாக்குல எழும்பினது. அதுல கோத்திக் கிடையாது, ஆர்ட் டெகோ, மூலைய வளைச்சு, கோடு எல்லாம் சுத்தமா, நகை போடாத அழகு. அதே மூலைல ஒரு பழைய எல்லைக் கல் தூண் இருக்கு பாருங்க, கோட்டைக்கு முன்னாடி இருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடிச்சுட்டு இதுக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாதுன்னு 1773ல ஆறு தூண் நட்டாங்க, மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதான். பஸ்ஸுக்கு நிக்குற யாரும் அதைத் திரும்பிப் பாக்குறதில்ல. அடுத்த தடவை பஸ்ஸு வர லேட்டானா ஒரு நிமிஷம் போய் பாத்துட்டு வாங்க, எனக்காக.

நைனாவுக்கு இப்ப எழுபத்தெட்டு. அவரு ஓட்டின லிஃப்டை எப்பவோ கழட்டிட்டு பட்டன் லிஃப்ட் போட்டுட்டாங்க, கட்டடம் இருக்கு. போன வாரம் திண்ணைல உக்காந்து அவருக்கு போன்ல அந்த லாபி போட்டோவை காட்டினேன். காசு எண்ணுற பொம்மையைப் பாத்து சிரிச்சாரு, மொசைக்கை பெருசு பண்ணி காட்ட சொன்னாரு, அப்புறம் ஓரத்துல தெரிஞ்ச லிஃப்ட் கதவு மேல வெரலை வெச்சாரு.

"இது யாரு போட்ட லிஃப்ட்டு?"

"ஓட்டிஸ் நைனா."

"57 மாடின்ன, எல்லாம் மாடிலயும் நின்னு நின்னா போவும்?"

இல்ல, எக்ஸ்பிரஸ் தனி, லோக்கல் தனி, நம்ம பீச் ஸ்டேஷன் ட்ரெயின் மாதிரி, எக்ஸ்பிரஸ் கீழேர்ந்து நேரா மேல போய்தான் நிக்கும்னேன். அவருக்கு அது ரொம்ப புடிச்சுபோச்சு. கீழ குழி எப்படின்னு கேட்டாரு. லிஃப்ட் போற குழாய் அடில வரவர குறுகிக்கிட்டே வரும், ஒருவேளை லிஃப்ட் விழுந்தா உள்ள மாட்டின காத்தே மெத்தை மாதிரி தாங்கிக்கும்னு சொன்னேன். "பல்லும் இருக்கும்ல?"ன்னாரு. இருக்கும் நைனான்னேன். தலையை ஆட்டிக்கிட்டாரு.

"ஸ்பீடு?"

"நிமிஷத்துக்கு 700 அடி கிட்ட."

கொஞ்ச நேரம் பேசல. வலது கை முட்டிக்கு மேல இருந்துச்சு, ஹேண்டில் புடிக்கிற மாதிரி விரல் மடங்கி, மணிக்கட்டு லேசா அந்தப் பக்கம் சாய்ஞ்சு மறுபடி நடுவுக்கு வந்துச்சு.

"அந்த வேகத்துல வந்து தரைக்கு சமமா நிறுத்துனான்னா," நைனா சொன்னாரு, "பெரிய வேலைக்காரன்டா அவன்."